பத்தில் மூன்று பேர்

பேராசிரியை நஸ்ரீனிடம் கணக்கு ஆராய்ச்சிக்குச் சேர்ந்த மாணவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் அருளப்பன் ஒருவர்தான். அரசு மருத்துவமனையில் டாக்டராகக் காய்ச்சல் வார்டைப் பார்த்துக்கொண்டே, நோய் பரவும் விதத்தைக் கணக்கில் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

அந்த மழைக்காலத்தில் மீனவர்கள் குடியிருக்கும் சலேத் மாதா தெருவில் காய்ச்சல் பரவியது. மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை அருளப்பன் புள்ளிகளாக வைத்தார். அவருடைய கணக்கிலிருந்து கணினி வரைந்த கோடு எல்லாப் புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போனது.

அந்த மகிழ்ச்சியில் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டார்.

"அந்தத் தெருவுல காய்ச்சல் கண்ட பத்துப் பேர்ல மூணு பேர்தான் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. மத்தவங்க மறைக்கிறாங்க."

பத்திரிகையில் வந்தது. பள்ளிக்கூடம் அந்தத் தெருப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியது. சந்தையில் அந்தத் தெருப் பெண்கள் கூவி விற்ற மீனை யாரும் தொடவில்லை. ஒரு தாய் காய்ச்சலில் கிடந்த மகளை வார்டுக்குத் தூக்கி வந்து, "நாங்க எதை டாக்டர் மறைச்சோம்?" என்று கேட்டாள்.

அருளப்பன் அன்றே நஸ்ரீனிடம் போனார்.

"கணக்கு சரிதானே, மேடம்?"

"கோட்டைக் காட்டுங்க டாக்டர்."

காட்டினார். பத்துக்கு மூன்று பேர் வருகிறார்கள் என்றிருந்த இடத்தில் நஸ்ரீன் மூன்றை அழித்து ஆறு என்று போட்டார். நோய் கண்டவர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினார். கணினி மறுபடி வரைந்தது.

கோடு நகரவில்லை.

"இப்ப பத்துக்குப் பத்துன்னு நீங்களே போடுங்க. நோயாளிகளையும் அதுக்கேத்த மாதிரி குறைங்க."

அருளப்பன் போட்டார். யாருமே மறைக்காத ஒரு தெரு. அதே கோடு, அதே புள்ளிகள்.

"வந்தவங்களை மட்டும்தான் நாம எண்ணியிருக்கோம்," என்றார் நஸ்ரீன். "நோய் அதிகமாகி அதுல கொஞ்சப் பேரு மட்டும் வந்தாலும், நோய் குறைஞ்சு எல்லாரும் வந்தாலும், வாசல்ல நிக்கிற கூட்டம் ஒண்ணுதான்."

"அப்ப மூணுங்கிறது எங்கிருந்து வந்துச்சு?"

"பொருந்துற எண்ணைத் தேடச் சொல்றப்ப, தொடங்குறதுக்குக் கணினிக்கு முதல்ல ஒரு எண் குடுக்கணும். எந்த எண்ணும் பொருந்துறதால அது அங்கேயே நின்னுடும். நீங்க என்ன குடுத்தீங்க?"

"மூணு."

"ஏன் ஒன்பது குடுக்கல?"

"அந்தத் தெருக்காரங்க எப்பவுமே..." என்று தொடங்கிய அருளப்பன் பாதியில் நிறுத்தினார். திரையைப் பார்க்க முடியவில்லை, ஆசிரியையின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு ஊசி போட்ட தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.



பிறகு அருளப்பன் கேட்டார். "வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தா, நிஜமா எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு தெரியும், இல்லையா?"

"தெரியும். அதுக்கு முன்னாடி நகராட்சியில போய், நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டு வாங்க."

"ரத்தத்தைப் பார்த்துட்டே சொல்றேனே, மேடம்." அவர் குரல் இறங்கியது. "ஒருவேளை மூணுதான்னு வந்துட்டா?"

"மூணுன்னே வந்தாலும், அன்னைக்கு உங்களுக்கு அது தெரியாது, டாக்டர்."