அண்ணாந்து குடிச்ச களியாயி

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தங்கச்சியும் இருந்தாங்க. ஊருன்னா தெரு, வீடு, டீக்கடை எல்லாம் கிடையாது. கடலுக்கு அடியில இருக்குற ஊரு. அக்கா பேரு களியாயி. சிரிக்காத, திங்கிற களி இல்ல, களிமண்ணு. மெத்துமெத்துன்னு இருப்பா, தொட்டா ஒட்டிக்குவா. தங்கச்சி மணலாயி. எந்நேரமும் சரசரன்னு பேச்சு. ஒருத்தி மடியில ஒருத்தி படுத்துக் கிடப்பாங்க.

ம்.

ஒருநாள் கடலோட தரை நகர ஆரம்பிச்சுது. கரகர... கரகர... பாயைக் கட்டிலுக்கு அடியில தள்ளுவோம்ல, அப்படிப் பக்கத்து நிலத்துக்கு அடியில போகுது. களியாயி அதுல மாட்டிக்கிட்டா. மணலாயி கரையில ஒதுங்கிட்டா.

"அக்கா! எப்போ வருவே?"

"வந்துடுவேன்டி. என்னை மறந்துடாத."

அப்புறம் களியாயி கீழ போனா, போனா, போய்க்கிட்டே இருந்தா. முதல்ல பாரம் வந்துச்சு. மேல ஒரு மலை ஏறி உக்காந்துச்சு, அதுக்கு மேல இன்னொரு மலை. பிழிஞ்ச துணியாட்டம் உடம்புல இருந்த தண்ணியெல்லாம் சொட்டுசொட்டா ஓடிப்போச்சு. ஏடு ஏடா, மினுமினுன்னு ஆயிட்டா.

அப்புறம் சூடு. பாரமும் விடல. உருகிட்டான்னு நெனைக்கிறியா? இல்ல. உள்ளுக்குள்ளயே துகளெல்லாம் இடம் மாறி, நெருங்கி நெருங்கி உக்காந்து, மாதுளை முத்து மாதிரி செவந்துட்டா. வெளியிலேர்ந்து ஒண்ணும் புதுசா வந்து சேரல, அதே களியாயிதான். ஆனா கண்ணாடியையே கீறுற கெட்டி. அந்த இருட்டுல அவளுக்கு ஒரே நெனப்பு. அந்தச் சரசர பேச்சு காதுல விழாதான்னு.

ம்.

அப்புறம் தரை மெல்ல மேல ஏறுச்சு. பக்கத்துல ஒரு பச்சைக் கல்லு விறுவிறுன்னு போய்க்கிட்டே சொல்லுச்சு: "ஏ புள்ள, வழியில யாரு தண்ணி குடுத்தாலும் குடிக்காத. குடிச்சே, பழையபடி சேறுதான். பட்டதெல்லாம் வீணு."

களியாயி யோசிச்சா. சேறானா பட்டது போச்சு. ஆகலைன்னா தங்கச்சிக்கு எப்படி அடையாளம் தெரியும்?

முதல் பாறை வெடிப்புல ஒரு ஊத்து. "வா தாயி, ஒரு சொம்பு தண்ணி." "வேண்டாங்க."

ரெண்டாவது ஊத்து. "ஏன், எங்க வீட்டுத் தண்ணி உனக்கு இறங்காதோ?" தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்துட்டா.

மூணாவது, அத்தை முறை வேணும் அந்தச் சுனை. "வாசல்வரைக்கும் வந்துட்டு வாய் நனைக்காம போவியா?"

"குடிச்சா நான் நானா இருக்க மாட்டேன் அத்தை."

"சரி, குடிக்காம போனா உன் தங்கச்சிக்கு நீ யாருடி?"

களியாயி சொம்பை வாங்கினா. வாய் வச்சுக் குடிச்சா எச்சில் ஆயிடும்ல? அண்ணாந்து தூக்கி ஊத்தினா. எத்தனை கோடி வருஷமோ, குடிச்ச பழக்கமே விட்டுப்போச்சு. மடமடன்னு மூக்குல, கன்னத்துல, கழுத்துல எல்லாம் ஊத்திக்கிட்டா! வாய்க்குள்ள ஒரு பொட்டு போகல. நனைஞ்ச இடமெல்லாம் பச்சைப்பச்சையா மெத்துன்னு ஒரு தோலு. உள்ள அதே செவப்பு.

"நல்லா குடிச்சே போ! இன்னொரு சொம்பு தரட்டுமா?"

"போதும் அத்தை."

மேல வந்து பாத்தா கடலைக் காணோம். பனைமரம் நிக்குது, வெள்ளாடு மேயுது, ஒரு ஆறு ஓடுது. ஆத்துல யாரோ சரசரன்னு பேசுறாங்க.

"மணலு!"

"யாரும்மா நீ? எந்த நகைக்கடையிலேர்ந்து வர?"

"அக்காடி."

"எங்க அக்கா இப்படிக் கிண்ணுன்னு இருக்க மாட்டா. போம்மா, வேற ஆளைப் பாரு."

களியாயி அங்கேயே நின்னா. அப்போ ஆத்துல ஒரு அலை வந்து மணலாயியைத் தூக்கி அவமேல தள்ளுச்சு. சரக்! மணலாயி பதறி எழுந்து பாத்தா, கையெல்லாம் பச்சையா, ஈரமா, பிசுபிசுன்னு.

தொட்டா இப்படி ஒட்டிக்கிறது அக்கா ஒருத்திதானே!

"அக்கா... ரொம்ப அமுக்குச்சாக்கா?"

"ரொம்ப."

"உள்ள செவப்பா இருக்கே, அது யாரு?"

"அதுவும் நான்தான்டி."

மணலாயி அவ மடியில படுத்தா. எவ்வளவு நேரம்னு யாரு பாத்தா? அப்புறம் ஆறு இழுத்துச்சு. மணலுக்கு ஒரு இடத்துல இருக்க முடியாதுல்ல, கடலுக்குப் போயாகணும். போறேன்னு சொல்லல.

"வரேன்க்கா."

"மெதுவா வா."

சரசர... சரசர... வளைவு தாண்டிப் போயிட்டா. கதையும் அவ பின்னாலயே போயிடுச்சு. கண்ணை மூடு கண்ணு.