அலை வந்தால் பின்னாடி வரணும்

மொட்டைப்பனையூர்க்காரர்களுக்கு யார் சொன்ன சொல்லையும் தட்டத் தெரியாது. அது ஒன்றுதான் அவர்களுக்கு வியாதி. மற்றபடி தங்கமான மனுஷர்கள். வம்புதும்புக்குப் போகமாட்டார்கள், சொன்னதைச் செய்துவிட்டு வந்து சாப்பிடுவார்கள்.

அந்த ஊர் வடிவுக்கு ஒரே ஒரு ஆசை. கடலில் கால் நனைக்கவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் புருஷன் மாடக்கண்ணுவும் போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளைத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றத்தான் செய்தான். துணைக்குக் கூட்டாளிகள் கொம்பையா அண்ணாச்சியும் இசக்கிமுத்துவும். பஸ்ஸும் ஒழுங்காகப் போய் நின்றது. ஆனால் உள்ளே 'தலை, கை வெளியே நீட்டாதீர்' என்று எழுதிப் போட்டிருந்ததே!

"காலை மட்டும் எறக்கிரலாம். தலைய என்ன செய்ய?" என்றான் இசக்கிமுத்து.

"தலைய உள்ள வச்சிட்டுப் போனா பீச்சுக்கு வழி எப்பிடில தெரியும்?" என்றார் அண்ணாச்சி. ஊரிலேயே விவரமானவர் அவர்தான்.

ஆகவே உட்கார்ந்தே இருந்து, அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். சொந்த ஊரில் எப்படி இறங்கினார்கள் என்று கேட்காதீர்கள். கண்டக்டர் இறக்கினார். எப்படி இறக்கினார் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வடிவு சொல்லிவிட்டாள்: "அடுத்த தடவையும் என் கால் நனையலன்னா, நேரா எங்க அம்மை வீடுதான். பெறவு அண்ணாச்சிய வச்சுக் குடும்பம் நடத்துங்க!"

மாடக்கண்ணு உடனே அடுத்த பயணத்துக்கு நாள் குறித்தான். அவளை விட்டுவிட்டு ஒரு நாள்கூட அவனால் இருக்க முடியாது, பாவம்.

இந்தத் தடவை பஸ்ஸே வேண்டாம் என்று, தூத்துக்குடி மார்க்கெட்டுக்கு வெங்காயம் கொண்டுபோன ஒரு குட்டியானை வண்டியில் பின்னால் தொற்றிக்கொண்டு போனார்கள். அதில் கூரையும் இல்லை, ஒன்றும் எழுதிப்போடவும் இல்லை. அப்பாடா!

இறங்கியதும் மக்ரூன் வாங்கினார்கள். தூத்துக்குடி போய் மக்ரூன் வாங்காமல் வந்தால் ஊரில் எவன் மதிப்பான்? கடைக்காரர் பொட்டலத்தை நீட்டி, "காத்துப் படாமப் பாத்துக்கோங்க, நமுத்துரும்," என்றார். இசக்கிமுத்து அதைச் சட்டைக்குள் விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நாலு கடை தாண்டுவதற்குள் முகம் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

"ஏல, மூச்சு விடுல!"

"மூச்சும் காத்துதான அண்ணாச்சி," என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

அண்ணாச்சி பொட்டலத்தைப் பிடுங்கி, அத்தனையையும் ஒரே ஆளாகத் தின்று தீர்த்து அவன் உயிரைக் காப்பாற்றினார்.

கடற்கரைக்கு வந்தார்கள். அங்கே அலை அப்படியொன்றும் பெரிசில்லை. கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஆனாலும் விசிலும் கையுமாக நின்ற காவல்காரர் கடமைக்குச் சொன்னார்: "பாத்து நில்லுங்க. அலை வந்தா பின்னாடி வந்துரணும்."

அலை வந்தது. நாலு பேரும் ஒரு அடி பின்னால் வந்தார்கள். அலை போனது.

"இப்ப முன்னாடி போலாமா?" என்றான் மாடக்கண்ணு.

அண்ணாச்சி யோசித்தார். "முன்னாடி போன்னு அவரு சொன்னாரா?"

"சொல்லல."

"அப்ப நில்லு."

அடுத்த அலை வந்தது. இன்னொரு அடி பின்னால். வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, கையெட்டுற தூரத்துல கடல வச்சிக்கிட்டு என்னைய இழுத்துட்டுப் போறீகளே!" மாடக்கண்ணுவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒரு அடி பின்னால் வந்தான்.

இப்படியே முதுகுப் பக்கமாக மணலைத் தாண்டினார்கள். பஜ்ஜிக் கடையைத் தாண்டியபோது முதுகில் மாட்டிக்கொண்டு பாதிக் கடையும் கூடவே வந்தது. ரோட்டைத் தொட்டபோதுதான் இசக்கிமுத்து விஷயத்தைக் கண்டுபிடித்தான்.

"அண்ணாச்சி, இங்கருந்து அலை தெரியலையே!"

"ஆபத்தாச்சே! அலை வராதப்பப் பின்னாடி போனா அதுவும் சொல்ல மீறுனதுதான். ஒரு ஆளு அங்கயே நின்னு, பாத்துச் சொல்லணும்."

"அப்ப அந்த ஆளு பின்னாடி வரவேண்டாமா?"

"குளத்துக் காவலுக்கு நிக்கவன் கரைய விட்டு நகருவானால? காவலுக்கு நிக்கவன் கணக்குல சேரமாட்டான்."

"நான் நிக்கேன்!" என்றாள் வடிவு.

மாடக்கண்ணு உடைந்துபோனான். "கால் நனைக்க வந்தவள வேலைக்கு நிப்பாட்டுறேனே, பாவி!"

"குடும்பம்னா கஷ்டநஷ்டம் இருக்கத்தான் செய்யும்," என்று சொல்லி, செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, போனும் கையுமாக ஓடினாள்.

அதிலிருந்து போனில் நடந்தது எல்லாம். "வந்துட்டு!" என்பாள். மூன்று பேரும் ஒரு அடி பின்னால் போவார்கள். "வந்துட்டு!" என்பாள். இன்னொரு அடி. மத்தியானத்துக்குள் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டார்கள். குட்டியானை ஊருக்குத் திரும்ப நின்றுகொண்டிருந்தது. பின்பக்கமாகவே ஏறி, கடல் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வண்டி முன்னால் போனது. அவர்கள் பின்னால் போனார்கள்.

"வடிவு, அலை எம்புட்டுப் பக்கத்துல வருது?" என்று கத்தினான் மாடக்கண்ணு.

"என் கால் மேலயே வருதுங்க!"

"கால் நனைஞ்சிட்டா?"

"முழங்கால் வரைக்கும் நனைஞ்சிட்டு! அம்மாடி, என்ன சொகமா இருக்கு!"

"அப்ப அம்மை வீட்டுக்குப் போமாட்டியே?"

"எதுக்குப் போறேன்? நம்ம வீட்டுக்குத்தான் வருவேன். அலை நின்னதும் வாரேன்."

மாடக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் ஊரில் இறங்கி, முதுகுப் பக்கமாகவே தெருவைக் கடந்து, வாசலைக் கடந்து, மாடக்கண்ணு வீட்டுக்குள் போனார்கள். முதுகில் சுவர் முட்டியது.

"வந்துட்டு!" என்றது போன்.

"செவுரு இடிக்கி வடிவு!"

"அப்ப இடிச்சிட்டுப் போங்க. கடப்பாரை கட்டிலுக்கு அடியில கெடக்கு. சீக்கிரம், அடுத்ததும் வருது!"

மூன்று பேரும் மாறி மாறி இடித்தார்கள். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். சுவர் விழுந்தது. மூன்று முதுகுகள் உள்ளே வந்தன.

"என்ன அண்ணாச்சி இது?"

"அலை வருதுய்யா. பின்னாடி போகணும்."

"இத மொதல்லயே சொல்லவேண்டாமா!" என்று பதறி, ரசம் சிந்தாமல் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரும் பின்னால் நகர்ந்தார். அவர் முதுகிலும் சுவர் முட்டியது. அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏளா, நம்ம கடப்பாரைய எங்க வச்ச?" என்றார்.