வலது வளைவில் எரிந்த விளக்கு

கொல்லிமலைச் சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஜெசிந்தாவின் பட்டறை இருந்தது. முன்பு ஐடிஐயில் பாடம் நடத்தியவர் என்பதால் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். கைலாசம். டீச்சரைவிட ஏகப்பட்ட வயது மூத்தவர்.

கைலாசம் சேந்தமங்கலத்தில் பேர் வாங்கிய மெக்கானிக். இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். புது வண்டிகள் வர வர சத்தம் குறைந்தது, எச்சரிக்கை விளக்குகள் கூடின. ஒருநாள் தன் கடையைப் பூட்டிவிட்டு நேராக டீச்சரிடம் வந்தார்.

"எனக்கு இந்த விளக்குங்க பாஷை தெரியலீங்க டீச்சர். கத்துக்குடுங்க."

டீச்சர் அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

அன்னாசி அறுவடை நேரம். ஒரு காலையில், மலையிலிருந்து சந்தைக்கு அன்னாசி ஏற்றி வரும் அறப்பளியின் பிக்கப் வண்டி பட்டறைக்குள் வந்து நின்றது. பின்னால் முழு லோடு. மலையிலிருந்து முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்திருந்தான். முன் பம்பரின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"அண்ணே, மறுபடியும் அதே விளக்கு" என்றான் கைலாசத்திடம்.

அந்த வண்டியை ஏற்கெனவே இரண்டு முறை கைலாசம்தான் பார்த்து அனுப்பினார். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு. முதல் முறை முன் இடது சக்கரத்தின் சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அடுத்த முறை சென்சாரையே புதிதாக மாற்றினார். இரண்டு முறையும் பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தபோது விளக்கு எரியவில்லை.

கைலாசம் நசுங்கிய மூலையைத் தொட்டார்.

"எங்க இடிச்சே?"

"நேத்து, மேல வளைவுல. கைப்பிடிச் சுவத்துல."

"வேகமா வந்தியா?"

"இல்லீங்கண்ணே. எம் பொண்டாட்டி சிவகாமி, வயித்துப்பிள்ளைக்காரி, பக்கத்துல உக்காந்திருந்தா. மெதுவாத்தான் வந்தேன். பிரேக்கை மிதிச்சேன், பெடல் கால்லயே உதைக்குது. வண்டி நிக்காம போகுது. சுவரு இருந்ததால பொழச்சோம்."

அறப்பளி சாவியை மேஜைமேல் வைத்தான்.

"இனிமே நான் இதை ஓட்டலீங்க. லோடை மட்டும் வேற வண்டிக்கு மாத்திக் குடுங்க."

டீச்சர் கேட்டார்: "பெடல் ஏன் உதைச்சுதுன்னு தெரியுமாப்பா?"

"தெரியாதுங்க."

"நாலு சக்கரத்துக்கிட்டயும் ஆளுக்கொரு சென்சார் இருக்கு. நான் இவ்வளவு வேகமா சுத்தறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஒண்ணு திடீர்னு வாயை மூடிட்டா, அந்தச் சக்கரம் இறுகி வழுக்குதுன்னு வண்டி நெனச்சுக்கும். வழுக்கக் கூடாதேன்னு பிரேக்கைத் தளர்த்தும். நல்லதுக்குத்தான் செய்யுது."

"நல்லதுக்கு செஞ்சுதான் சுவத்துல கொண்டுபோய் வெச்சுதுங்களா" என்றான் அறப்பளி.

கைலாசம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், ரெண்டு தடவையும் சரியாயிருச்சுன்னு நான்தான் அனுப்பினேன். இந்தா, இப்பவும் பாருங்க. ஜாக்கி போட்டு சுத்தினா சென்சார் பேசுது. வாசல்ல ஓட்டினா விளக்கு எரியல. இங்க இல்லாத நோயை எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

டீச்சர், சென்சார்கள் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை எடுத்து ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினார். மேஜைமேல் இருந்த சாவியைக் கைலாசத்திடம் நீட்டினார்.

"ஓட்டுங்க."

"எங்கங்க?"

"மலைக்கு."

மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். டீச்சர் ஸ்கேனரை அறப்பளியின் மடியில் வைத்தார்.

"திரையில நாலு சக்கரத்தோட வேகமும் ஓடும். வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே வா."

"ரோட்டைப் பாக்காமயா?"

"அண்ணன் ரோட்டைப் பாப்பாரு. நீ படி."

வண்டி ஏறியது. அறப்பளி பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலப் படித்தான். "இருவது, இருவது, இருவத்தொண்ணு, இருவது." இடப்பக்கம் ஒடித்த முதல் வளைவு கடந்தது. ஒன்றுமில்லை. கைலாசம் சாலையைப் பார்த்தபடி தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவு வலப்பக்கம். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார்.

"பன்னெண்டு, சைபர், பத்து, பத்து..."

"என்ன சொன்னே?" என்றார் கைலாசம்.

"இப்ப பதினாலு ஆயிருச்சுங்க."

"சைபர்னு சொன்னியே!"

"ஒரு நொடி. முன் இடது."

கைலாசம் மேலே ஓட்டினார். இடது வளைவு. சைபர் இல்லை. வலது வளைவு. "சைபர்!" என்று அறப்பளி கத்தினான். மஞ்சள் விளக்கு எரிந்தது.

கைலாசம் சாலை அகலமாக இருந்த இடத்தில் வண்டியை ஓரம்கட்டினார். சக்கரங்களுக்குக் கல் வைத்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஒரு புளியமரத்து நிழலைத் தேடிப் போய் நின்றுகொண்டார்.

"சென்சார் இல்ல" என்று கைலாசம் தனக்குத்தானே சொன்னார். "அது புதுசு. சென்சார் சொல்றது போய்ச் சேரல."

கருவிப்பெட்டியைத் திறந்து, மீட்டரின் ஒரு முனையைச் சக்கரத்தருகே வந்து முடியும் வொயரில் வைத்தார். இன்னொரு முனையை பானெட்டுக்குள், அதே வொயரின் மறுகோடியில் மாட்டினார். வொயர் முழுசாக இருந்தால் மீட்டர் கூவும். கூவியது.

"அறப்பளி, ஏறி உக்காரு. வலது பக்கம் மெதுவா ஒடி."

ஒடிக்க ஒடிக்க மீட்டர் கூவிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஸ்டீயரிங் முட்டியபோது அடங்கியது.

"அப்படியே பிடி! விட்டுராதே!"

சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்து, வொயரை விரல் விரலாகப் பிடித்து வளைத்துப் பார்த்தார். மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. ஓர் இடத்தில் விரல்கள் நின்றன. அங்கே மட்டும் வொயர் கொழகொழவென்று மடங்கியது. அழுத்தினார். மீட்டர் கூவியது. விட்டார். அடங்கியது.

தோலைச் சீவினார். உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, இரண்டு துண்டாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தது. நேராகப் போனால் தொடும். வலப்பக்கம் முழுசாக ஒடித்தால் இழுபட்டு விலகும்.

"அடி சண்டாளி!" என்றார் கைலாசம். முகம் மண்ணாக இருந்தது, வாய் நிறையச் சிரிப்பு. "டீச்சர்! கிடைச்சிருச்சுங்க! கையில கிடைச்சிருச்சு!"

கெட்டதை வெட்டி எடுத்து, புது வொயர் சேர்த்துப் பற்றவைத்து, தண்ணீர் போகாதபடி உறை மாட்டினார். மறுபடி இழுபடாமலிருக்கக் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டினார். ஸ்கேனரில் பழைய கோளாற்றை அழித்தார். விளக்கு அணைந்தது.

வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு அறப்பளியிடம் சாவியைக் கொடுத்தார்.

அறப்பளி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "நீங்களே எறக்கிக் குடுங்கண்ணே."

"நான் எறக்கினா நாளைக்கு நீ எப்படி எறக்குவே? ஓட்டு. நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

அறப்பளி டீச்சரைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்.

முதல் வலது வளைவு வந்தது. மிதித்தான். பெடல் உதைக்கவில்லை. அன்னாசி லோடு மொத்தமும் முன்னுக்கு அழுந்த, வண்டி பிடித்த இடத்தில் நின்றது. கீழே பள்ளம், அதற்கப்பால் வெயிலில் சமவெளி.

விளக்கு எரியவில்லை.

அடுத்த வளைவிலும் வேண்டுமென்றே நிறுத்தினான். அதற்கடுத்ததிலும். பிறகு ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். எதிரே ஏறி வந்த பஸ் டிரைவர் என்னமோ ஏதோ என்று ஓரம்கட்டி வழிவிட்டார். அறப்பளி அவருக்கும் ஒரு ஹாரன் அடித்தான்.

அடிவாரத்தில் இறங்கியதும் போனை எடுத்தான். "சிவகாமி! நின்னுச்சுடி! எல்லா வளைவுலயும் நின்னுச்சு!" போனுக்குள் அவள் அழுவதும் சிரிப்பதும் வெளியே கேட்டது. ஆளுக்கொரு அன்னாசியைக் கையில் திணித்துவிட்டு, சந்தையைப் பார்த்து வண்டியை விட்டான்.

கைலாசம் வண்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், வொயர்தான்னு உங்களுக்குக் காலையிலயே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்கண்ணே" என்றார் டீச்சர். "அதனாலதான் கூட வந்தேன்."