எதைத் தட்டினாலும் முதலிடம்

பால் கம்பெனிக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்த மரியபுஷ்பத்தைக் கிளை மேலாளர் கோமதிநாயகம் அதட்டினார். "கிளைப் பட்டியல்ல எந்தத் தலைப்பைத் தட்டினாலும் என் கிளைதான் முதல்ல நிக்கணும். எண்ணெல்லாம் வேண்டாம், பேர் போதும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"எதைத் தட்டினாலுமா சார்?"

"எதைத் தட்டினாலும்!"

வெப்சைட் திறப்பு விழாவில் முதலாளி 'விற்பனை'யைத் தட்டினார். கோமதிநாயகத்தின் கிளை முதலிடம். ஒரே கைதட்டல். அடுத்து 'புகார்கள்' என்பதைத் தட்டினார். அதிலும் அதுவே முதலிடம்.

"ஐயோ, பொய்! எனக்கு அவ்வளவு புகார் வரலை!" என்று அலறினார் கோமதிநாயகம்.

"அப்போ எல்லாத்தையும் உள்ளபடியே காட்டிடட்டுமா சார்?"

"காட்டும்மா, சீக்கிரம்!"

காட்டினாள். புகாரில் அவர் கிளை நடுவே இறங்கியது. அவருக்கு மூச்சு வந்தது.

முதலாளி மறுபடியும் 'விற்பனை'யைத் தட்டி, பட்டியலைத் தள்ளிக்கொண்டே கீழே போனார். கோமதிநாயகம் கடைசியில் கிடைத்தார்.