பாக்கெட் பாலும் தகர மூடியும்

குரு என்றதும் தாடி, மரத்தடி, மான்தோல் என்று கற்பனை பண்ண வேண்டாம். எங்கள் குருவுக்கு இருபது வயசு. பெயர் சுடலைமணி. பி.காம். மூன்றாம் வருஷம்.

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்தோம். ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு குக்கர். அவ்வளவுதான் சமையலறை. அதை வைத்து நாலு வயிற்றை நிரப்பத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். முள்ளங்கிக் கீரையைத் தூக்கிப்போட விடமாட்டார். தர்பூசணித் தோலில் கூட்டு வைப்பார். அதனால் குரு.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன கேட்டாலும் முதலில் கையில் ஒரு வேலையைக் கொடுப்பார். வேலை முடிவதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வி மறந்துபோகும். நான் மறக்கிற ஆள் இல்லை. பொறுக்கிற ஆளும் இல்லை.

என் பிரச்சினை ஜெபசிங்.

அவனும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவன் சேர்ந்தான் என்றுதான் நானும் இந்தக் காலேஜில் சேர்ந்தேன். பாடத்துக்காக என்று வீட்டில் சொன்னது பொய்.

எங்கள் அறையில் கையால் செய்த பொருள் எல்லாம் அவன் செய்ததுதான். தக்காளிப் பெட்டியைப் பிரித்து ஆணி அடித்த புத்தகத் தட்டு. பழைய ஜீன்ஸில் தைத்துச் சுவரில் தொங்கவிட்ட கரண்டிப் பை. தண்ணீர் பாட்டிலை வெட்டி மாட்டிய மசாலா டப்பாக்கள். ஆனால் அடுப்புப் பக்கம் வந்தவன் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாகச் சமைத்தான். அதுவும் சொதி. எங்கள் பக்கம் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு. அவன் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான்.

அறையில் மிக்ஸி கிடையாது. தேங்காய்த் துருவி கிடையாது. கத்தியால் சீவி, சப்பாத்திக் கட்டையால் இடித்து, துணியில் கட்டிப் பிழிந்தான். காலையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது மத்தியானம்.

நான் ஒரு வாய் வைத்தேன்.

"ஏல, இது சொதியா? கஞ்சித் தண்ணில காய் மிதக்கு."

வந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் அறையின் நாலாவது ஆள் ரியாஸ், புரையேறுகிற அளவுக்குச் சிரித்தான். குரு மட்டும் சிரிக்கவில்லை. தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டார்.

ஜெபசிங் ஊற்றினான். பிறகு பாத்திரத்தை மூடி வைத்தான். 

மறுநாளிலிருந்து எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. செவ்வாய்க்கிழமை குருவிடம் வந்து நின்றான்.

"அண்ணே, சனிக்கிழமை வேற ரூமுக்குப் போறேன். கூடப் படிக்கிறவன் ரூம்ல எடம் இருக்காம்."

என்னிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் திட்டவில்லை. 

நேராகக் குருவிடம் போனேன்.

"அண்ணே, உண்மையச் சொன்னது தப்பா?"

ஒரு கூடை சின்ன வெங்காயத்தை என் முன்னால் தள்ளினார். "உரி."

உரித்தேன். கண், மூக்கு எல்லாம் ஒழுகியது.

"உரிச்சாச்சு. இப்பச் சொல்லுங்க."

"சொதி தண்ணியாத்தான் இருந்துச்சு," என்றார் குரு.

"அப்ப நான் சொன்னது நெசந்தான?"

"நெசந்தான். அவன் போறதும் நெசந்தான்."

வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இதற்குப் பெயர் பதிலா?

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு பண்ணினேன். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெட்டி வாழ்த்து அட்டை செய்தேன். சோற்றுப் பசையில் ஒட்டினேன். பத்திரிகைப் பிள்ளையார் மேலிருந்த ஜிகினாவைச் சுரண்டி ஓரமெல்லாம் தூவினேன். உள்ளே 'மன்னிச்சிரு மக்கா' என்று எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே வந்தது.

ஜெபசிங் பிரித்துப் பார்த்தான்.

"நல்லாருக்கு," என்றான். புத்தகத் தட்டில் வைத்தான். என் புத்தகங்களுக்குப் பக்கத்தில்.

குரு புளி கரைத்துக்கொண்டே கேட்டார். "என்னல ஆச்சு?"

"நல்லாருக்குன்னான்."

"ம்."

மறுநாள் யோசித்து யோசித்து ஒரு பெரிய வேலை பண்ணினேன். நானே சொதி வைத்தேன். அம்மாவிடம் போனில் கேட்டு, இஞ்சி, பூண்டு, முருங்கைக்காய், எலுமிச்சை என்று ஒன்றுவிடாமல் போட்டு வைத்தேன். தேங்காயோடு யார் மல்லுக்கட்டுவது? பாக்கெட்டில் விற்கிற தேங்காய்ப்பாலை வாங்கி ஊற்றினேன். பிரமாதமாக வந்தது. ரியாஸ் பாத்திரத்தை வழித்து நக்கினான்.

"ஏல, இதாம்ல சொதி!" என்று வேறு கத்தினான்.

ஜெபசிங்குக்குத் தட்டில் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "உனக்காகத்தாம்ல வச்சேன்."

அவன் தட்டைப் பார்த்தான். குப்பைக் கூடையில் கிடந்த பாக்கெட்டைப் பார்த்தான். "நான் வெளிய சாப்பிட்டுட்டேன்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். சாப்பிடப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அண்ணே, அவனுக்கு என்னதாம்ணே வேணும்?" என்று கத்தினேன். "நல்லா இல்லாமப் போச்சா?"

"ரொம்ப நல்லாருந்துச்சு," என்றார் குரு.

அவர் சொன்ன விதத்தில் பாராட்டு இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பிஸ்கட் டப்பாவின் தகர மூடியையும் ஓர் ஆணியையும் என் கையில் கொடுத்தார்.

"நாளைக்குக் காலைல புட்டு. தேங்கா துருவணும். இதுல ஒரு துருவி பண்ணு."

"நானா?"

"நீதான். அவன் போறதுக்கு முந்தி புட்டாவது சாப்பிட்டுட்டுப் போட்டும்."

சனிக்கிழமை விடிந்ததும் தொடங்கினேன். மூடியைத் தரையில் வைத்து, ஆணியை நிறுத்தி, அம்மிக் குழவி மாதிரி ஒரு கல்லால் அடித்தேன். தகரம் பள்ளம் விழுந்தது. இன்னும் ஓங்கி அடித்தேன். கட்டைவிரல் மேல் விழுந்தது. எப்படியோ நாலைந்து ஓட்டை போட்டுத் தேங்காயைத் தேய்த்தேன். தேங்காயைவிட என் விரல்தான் அதிகம் துருவப்பட்டது.

"ரத்தச் சட்னியா மக்கா?" என்றான் ரியாஸ். "எனக்கு வேண்டாம்."

அறையின் அந்த மூலையில் ஜெபசிங் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பையைக் கட்டி முடித்துவிட்டான். ஆட்டோ பத்து மணிக்கு வரும். மணி ஒன்பதரை.

குருவிடம் போனேன். "வரலண்ணே. நீங்க சொல்லிக் கொடுங்க."

"எனக்குத் தெரியாது."

"பொய் சொல்லாதீங்க."

"நெசமாவே தெரியாதுல. இங்க யாருக்குத் தெரியும்?"

மூலையைப் பார்த்தேன். "அவனுக்குத்தான்."

"பிறகென்ன? போ."

"அவன்ட்டயாண்ணே? அவனுக்கு நான் கொடுக்க வேண்டியதே பாக்கி கெடக்கு. இதுல போயி உதவி வேற கேக்கணுமா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?"

"இருக்கிற மூஞ்சிதான்," என்றார் குரு. மாவைச் சலிக்கத் திரும்பிவிட்டார்.

ஒன்பதே முக்கால். வேறு வழி இல்லை. போனேன். மூடியை நீட்டினேன்.

"இத எப்படில பண்ணணும்? எனக்கு வரல."

அவன் நிமிரவில்லை. "எதுக்கு?"

"புட்டுக்குத் தேங்கா துருவணும்."

"ஏன், பாக்கெட்ல விக்கலையா?"

சுருக்கென்றது. அந்தக் குத்தலைத் திருப்பிக் கொடுக்காமல் வாங்கிக்கொண்டேன். எனக்கு அது புதுசு.

அவன் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"எந்தக் கோட்டிக்காரப் பய இதத் தரையில வச்சு அடிச்சான்?"

"நான்தான்."

"அடியில பலகை குடுக்க வேண்டாமா? வெறுந்தரைல அடிச்சா ஆணி எங்கல எறங்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுல்லா?"

"தெரியாது."

"சத்தமாச் சொல்லு."

"தெரியாதுல, சவமே! எனக்கு ஒரு எழவும் தெரியாது!"

ரியாஸ் கைதட்டினான். ஜெபசிங் சிரித்துவிட்டான். ஆறு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். முன்பல் உடைந்த அதே சிரிப்பு.

"இந்த மூடி செத்துப்போச்சு," என்றான். "வேற இருக்கா?"

"இல்ல."

 பிறகு கட்டின பையின் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே அவன் சுத்தியல், குறடு எல்லாம் போட்டு வைக்கிற தகர டப்பா இருந்தது. அதன் மூடியைக் கழற்றினான். புத்தகத் தட்டிலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்தெடுத்தான்.

"உள்பக்கத்துலருந்து குத்தணும். அப்பத்தான் முள்ளு வெளிய வரும். இந்தா, அடி."

"நீயே அடியேம்ல."

"நீதான கேட்ட? அடி. இன்னும் தள்ளி. ஓட்டைக்கு ஓட்ட எடம் வுடுல. கிட்டக் கிட்டக் குத்தினா தகரம் கிழிஞ்சிரும். ஐயோ, கை இவ்வளவு விளங்காமயா இருக்கும் ஒருத்தனுக்கு!"

ரியாஸ் முன்னால், குரு முன்னால் சொன்னான். உண்மைதான். என் வரிசை பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. ஆணியைத் தள்ளி வைத்து மறுபடி அடித்தேன்.

தேங்காய் பூப்பூவாக விழ ஆரம்பித்தது.

குரு மாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். எங்கள் அறையில் புட்டுக் குழல் கிடையாது. தேங்காய்ச் சிரட்டையில் கண் இருக்கிற இடத்தை ஓட்டையாக்கி, மாவையும் தேங்காயையும் அடைத்து, குக்கரில் ஆவி வருகிற குழாயின் மேல் கவிழ்க்காமல் உட்கார வைப்போம். ஐந்து நிமிஷத்தில் கிண்ணம் கிண்ணமாகப் புட்டு வரும்.

ஜெபசிங் மாவுக்குள் விரலை விட்டான். "இதுக்குத் தண்ணி எவ்வளவுல தெளிக்கணும்?"

"பிடிச்சா உருண்டையா நிக்கணும். உதுத்தா உதுரணும். அவ்வளவு," என்றேன்.

பிடித்தான். உதிர்த்தான். இன்னொரு கை தண்ணீர் தெளித்தான். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அன்னைக்குச் சொதில என்ன கோளாறு?"

"மொதப் பால கொதிக்க வுட்டுட்ட, அதான் திரிஞ்சு தண்ணியாப் போச்சு. ரெண்டாம் பால்லதான் காய் வேகணும். மொதப் பால கடைசில ஊத்தி, சூடேறுனதும் எறக்கிறணும்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்ல, மூதி?"

"அதான் சொல்லியிருக்கலாம்னு சொல்லுதேம்லா!"

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது.

யாரும் அசையவில்லை. குக்கர் மட்டும் உஸ் என்றது. இரண்டாவது ஹாரன்.

ஜெபசிங் எழுந்து ஜன்னலுக்குப் போனான். அவன் கையில் இன்னும் அரை மூடித் தேங்காய் இருந்தது.

"அண்ணாச்சி, சவாரி வேண்டாம்!"

"இன்னைக்கு வேண்டாமா, என்னைக்குமே வேண்டாமா?" ஆட்டோக்காரர் கேட்டார்.

ஜெபசிங் திரும்பி என்னைப் பார்த்தான். "இந்தப் பய துருவி பண்ணப் படிக்கிற வரைக்கும் வேண்டாம்!"

"அப்ப நீ பட்டம் வாங்குற வரைக்கும் இங்கதான்," என்றான் ரியாஸ்.

முதல் சிரட்டைப் புட்டு நன்றாக வந்தது. இரண்டாவது உடைந்தது. உடைந்ததை நான் எடுத்துக்கொண்டேன். வாழைப்பழம் இல்லை என்று ஜெபசிங்கும் ரியாஸும் கீழே கடைக்கு இறங்கினார்கள். படியில் அவர்கள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. பழமா, சீனியா என்று.

நான் குருவிடம் போனேன்.

"அண்ணே, இப்ப வேலை எதுவும் கொடுக்காதீங்க. மொதல்ல பதில் சொல்லுங்க. ராவெல்லாம் உக்காந்து கார்டு பண்ணிக் கொடுத்தேன். மசியல. அப்படியொரு சொதி வச்சுக் கொடுத்தேன். அதுக்கும் மசியல. இந்த ஓட்டத் தகரத்துக்கு எப்படிண்ணே மசிஞ்சான்?"

குரு சிரட்டையைத் தட்டிப் புட்டை இறக்கினார்.

"பசிச்சவன் அடுத்த வீட்டுக்கு எப்படில போவான்?"

"எப்படிப் போவான்? வெறுந்தட்டோட போவான்."

"நீ ரெண்டு தடவையும் நெறச்சுல்லா கொண்டுபோன," என்றார் குரு.