மேட்டுத் தெருவில் பரிசல்

முன்னொரு காலத்தில், ஆற்றைக் கைது செய்துவரச் சொன்ன ராஜா ஒருவர் இருந்தார். சும்மா சொல்லவில்லை. சபையைக் கூட்டி, முத்திரை வைத்துச் சொன்னார்.

காரணம் ஒரு பரிசல்காரன். பெயர் செம்பான். ஆற்றங்கரையைப் பலப்படுத்த அரண்மனை கொடுத்த கருங்கல் எதுவும் கரைக்கு வரவில்லை, ஆற்றதிகாரி திருமேனிநாதரின் புது மாளிகையில் படிக்கட்டாகக் கிடக்கிறது என்று சந்தையில் சொல்லிவிட்டான். மறுநாளே விலங்கு மாட்டிச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

ராஜா கேட்டார். "அதிகாரியாரே, நமது சங்கு முத்திரை பொறித்த கற்கள் உமது இல்லத்தில் இருப்பது உண்மையா?"

திருமேனிநாதர் அசரவில்லை. "உண்மைதான், அரசே. கரையில்தான் அடுக்கினோம். வெள்ளம் பெயர்த்து வந்து அடியேன் வாசலில் ஒதுக்கிவிட்டது. அரசுப் பொருள் வீணாகக் கூடாதே என்று எடுத்துப் பத்திரப்படுத்தினேன். படிக்கட்டாக இருந்தால் களவு போகாது."

"சென்ற ஆண்டுக் கற்கள்?"

"அதுவும் வெள்ளம்தான்."

"அதற்கு முந்தைய ஆண்டு?"

"பெருவெள்ளம், அரசே."

சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவரவர் வீட்டிலும் ஏதாவது பத்திரமாக இருந்தது.

ஒருவன் மட்டும் ஆட்டவில்லை. குட்டியப்பன். ராஜாவைச் சிரிக்கவைக்கவென்றே சம்பளம் வாங்குகிறவன். "அரசே, அப்படியானால் திருடியது ஆறு. அதை விட்டுவிட்டுச் செம்பானை விசாரிப்பது முறையா?"

"வேடிக்கைக்காரர் வாதம் அருமை," என்றார் திருமேனிநாதர். குட்டியப்பனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அவரே ஆற்றைப் பிடித்து வரட்டுமே."

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "ஐந்து நாள் அவகாசம், குட்டியப்பா. ஆறு இந்தச் சபையில் வாக்குமூலம் தர வேண்டும். இல்லையேல் செம்பானுக்கு ஆயுள் முழுவதும் சுண்ணாம்புக் காளவாயில் வேலை. துணைக்கு நீயும் போ."

கோட்டை வாசலில் செம்பானின் மனைவி வெள்ளையம்மா காத்துக்கொண்டிருந்தாள். குட்டியப்பன் விஷயத்தைச் சொன்னதும் தலையிலடித்துக்கொண்டாள்.

"ஆத்த எப்புடி சாமி புடிப்பீக? கொடத்துல மொண்டுக்கிட்டு வருவீகளா?"

"கொடத்துத் தண்ணி பேசாதும்மா. அந்த மாளிகை எங்க இருக்கு?"

"மேட்டுத் தெரு உச்சியில. ஏறுனா எனக்கே மூச்சு வாங்குது, வெள்ளம் எங்கிட்டு ஏறும்? ஏழை குடிசையிலதான் ஏறும். ஏறுச்சுன்னு சொல்லித்தான் போன தையில எங்க வீட்ட இடிச்சாக. வெள்ளம் தொட்ட எடமெல்லாம் ஆத்துப் புறம்போக்காம். தமுக்கடிச்சுச் சொன்னதே அந்தப் புண்ணியவான்தான்."

பேசிக்கொண்டே அவளோடு நடந்த குட்டியப்பன் நின்றான்.

"பரிசலத் தூக்க எத்தனை ஆளு வேணும்?"

மூன்றாம் நாள் காலை. பல்லக்கு ஏற வெளியே வந்த திருமேனிநாதர் வாசலில் ஒரு பரிசலைப் பார்த்தார். நட்டநடுத் தெருவில், காய்ந்த புழுதியில். உள்ளே துடுப்போடு வெள்ளையம்மா.

"என்ன இது?"

"பரிசலுங்க. ஏறுங்க, அக்கரையில விட்டுடறேன்."

"எது அக்கரை?"

"அந்தா, எண்ணெய்க்கடை வாசல். ஆறு ஓடுற எடத்துல நடந்தா போவாக? இழுப்பு சாஸ்தி. கல்லையே இழுத்துட்டு வந்த ஆறு, ஒங்கள விடுமா?"

தெரு கூடிவிட்டது. ஒருவன் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தான். எண்ணெய்க்கடைக்காரர் தூண்டிலோடு வந்து உட்கார்ந்தார். "கெண்டை விழுதாண்ணே?" என்று கேட்டார்கள். "அதிகாரி வீட்டுப் பக்கம் பூரா சுறாதான்," என்றார் அவர்.

காவலர்கள் பரிசலைத் தூக்கி எறிந்தார்கள். மறுநாள் இரண்டு நின்றன. ஐந்தாம் நாள் நான்கு.

அன்று திருமேனிநாதர் பல்லக்கில்கூட ஏறவில்லை. வியர்க்க விறுவிறுக்க நடந்தே சபைக்குள் நுழைந்தார்.

"அரசே, இந்தக் குட்டியப்பன் என் மானத்தை வாங்குகிறான். வாசலில் பரிசல் விடச் சொல்லியிருக்கிறான். என் மாளிகை கோட்டைக் கோபுரத்தைவிட உயரமான மேட்டில் இருக்கிறது. என் பாட்டன் காலத்திலிருந்து அங்கே ஒரு சொட்டு வெள்ளம் ஏறியதில்லை. ஆறு எங்கே வந்தது அங்கே?"

குட்டியப்பன் எழுந்து கும்பிட்டான்.

"அரசே, கட்டளைப்படி ஆறு வந்துவிட்டது. வாக்குமூலமும் தந்துவிட்டது."

"எங்கே ஆறு?"

"ஆற்றின் சார்பில் பேசத் தாங்கள் நியமித்த வாய் ஆற்றதிகாரியாருடையதுதானே? தான் மேட்டுத் தெருவுக்கு வரவேயில்லை, கல்லைக் கொண்டுவரவும் இல்லை என்று ஆறு சொல்கிறது."

திருமேனிநாதர் அவசரமாகக் குறுக்கிட்டார். "அது... கோபத்தில் மறந்துவிட்டேன். ஐப்பசியில் வெள்ளம் வந்தது, அரசே. வாசல்படி வரை வந்தது."

"மிகவும் நல்லது," என்றான் குட்டியப்பன். "வெள்ளம் தொட்ட இடம் ஆற்றுப் புறம்போக்கு. இது அதிகாரியாரே தமுக்கடித்த ஆணை. செம்பான் குடிசையை இடித்ததுபோல் மாளிகையையும் இடித்துவிடலாம். வெள்ளம் வந்ததா, வரவில்லையா? அவரே முடிவு செய்யட்டும், நமக்கு அவசரமில்லை."

திருமேனிநாதர் "வந்தது" என்றார். "வரவில்லை" என்றார். மறுபடி "வந்தது" என்றார்.

ராஜாவுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செம்பானின் விலங்கை அங்கேயே கழற்றச் சொன்னார். மாளிகையை இடித்துக் கல்லையெல்லாம் கரைக்குச் சுமக்கும் வேலை திருமேனிநாதருக்கே கிடைத்தது. ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குட்டியப்பன் கழுத்தில் போட்டார்.

"இனி யாரை ஆற்றதிகாரியாக நியமிப்பது? நேர்மையான ஒருவனைச் சொல்."

"யாரை வேண்டுமானாலும் நியமியுங்கள், அரசே. குடியிருக்க வீடு மட்டும் கரைக்குக் கீழே, பள்ளத்தில் கொடுங்கள்."

ராஜா மறுபடி சிரித்தார். ஆனால் ஆணையில் அதையும் எழுதச் சொன்னார்.

புது அதிகாரி பள்ளத்து வீட்டில் பால் காய்ச்சிய அன்று, பொங்கின பாலை இறக்குவதற்கு முன்பே அவர் மனைவி கேட்டாள்:

"ஏங்க, கரைக்குக் கல்லு வந்துடுச்சா?"