மூன்றாம் மாலை இருமல்

இமயமலையின் மடியில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே நேவார் மக்களை மல்ல ராஜாக்கள் ஆண்ட காலத்துக்குக் கொஞ்சம் வாருங்கள். ஒரே வம்சம், மூன்று நகரம், மூன்று சிம்மாசனம். மூவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது.

அதில் ஒரு நகரத்தின் கிழ ராஜா துறவியாகி மலையேறிவிட்டார். போகும்போது, "என் அறைச் சன்னலைச் சாத்தாதீர்கள், திரும்பி வருவேன்" என்றார். அன்றுமுதல் தினமும் மெத்தை விரித்தார்கள், அவர் புகைக்கும் ஹூக்காவை வைத்தார்கள், சன்னலைத் திறந்தே வைத்தார்கள்.

மந்திரி விசுவராமுக்குப் பக்கத்து நகரத்தின்மேல் ஒரு கண். ஆனால் அந்தக் கிழ ராஜா சொல்லாமல் ஊரில் ஒருவனும் வாளைத் தொட மாட்டான். அதனால் அவர் கீர்த்திபால் என்பவனைப் பிடித்தார். இவன் பலகுரல்காரன். பசுத் திருவிழா அன்று மட்டும் ராஜாவையே கேலி செய்யலாம் என்பது அவ்வூர் வழக்கம். அன்றைக்குக் கீர்த்தி ராஜாவாகப் பேசினால் ராணியே திரும்பிப் பார்ப்பாள்.

"முதலில் சும்மா இருமு, கீர்த்தி. அதற்கே பாதி ஊர் விழுந்துவிடும்" என்றார் மந்திரி. கீர்த்திக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் மாலை, ராஜாவின் இருட்டறைக்குள் திறந்த சன்னலருகே நின்று இருமினான். கீழே சதுக்கமே மண்டியிட்டது. அவனுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

இரண்டாம் மாலை, "வாளைத் தீட்டுங்கள்" என்றான். தீட்டினார்கள். அவனுடைய ஒரே மகன் ரத்தினசிங்கும் தீட்டினான்.

"ராஜாவே கூப்பிட்டுவிட்டார் அப்பா. முன்வரிசையில் நிற்கப்போகிறேன்."

கீர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. மந்திரியிடம் போய் மன்றாடினான். நாளைக்கு 'புறப்படுங்கள்' என்று ஒரு சொல், சொல்லாவிட்டால் நாக்கு இருக்காது என்றார் அவர்.

மூன்றாம் மாலை. யாரும் பற்றவைக்காத ஹூக்கா குடகுடவென்றது. மெத்தையில் ஆள் படுத்த பள்ளம். தொட்டுப் பார்த்தான். சூடு.

பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவனுடைய குரல், வீட்டில் மகனைக் கொஞ்சுகிற அதே குரல்.

"ரத்தினம், போய்ச் செத்துப்போடா கண்ணு."

பிறகு அது ராஜாவைப் போல இருமியது. "சரியாகச் செய்தேனா, கீர்த்தி?"

கீர்த்தி சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கீழே தீவட்டிகள், வாள்கள், முன்வரிசையில் மகன். இருக்கும் நாக்கை ஒருமுறை கடித்துப் பார்த்துக்கொண்டான்.

"நான் கீர்த்திபால்" என்றான், சொந்தக் குரலில். "இருமியதும் நான், தீட்டச் சொன்னதும் நான், செய்யச் சொன்னவர் மந்திரி. ராஜா யாரையும் சண்டைக்குக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போங்கள்."

சதுக்கமே சன்னலை அண்ணாந்து பார்த்தது. பிறகு ஒவ்வொரு வாளாக உறைக்குள் போனது. நழுவப் பார்த்த மந்திரியை மட்டும் அவர்கள் விடவில்லை.

கூட்டம் கலையும்போது மேலே சன்னலில் மெல்ல ஓர் இருமல். எல்லோரும் கீர்த்தியைத் தேடினார்கள். கீழே இறங்கி வந்து, மகன் கையைப் பிடித்தபடி அவன் அவர்கள் நடுவில்தான் நின்றிருந்தான், வாயை இறுக மூடிக்கொண்டு.

ஆகவே கேட்டவர்களே, யார் குரலில் பேசினாலும் சொன்ன சொல்லுக்குச் சொன்னவனே பொறுப்பு.